கத்யூஷாவை ஒட்டுவது குற்றமல்ல

ஆயுதங்களின் மாதிரி உருக்களைச் செய்கிறவர்கள் போரை ரசிக்கிறவர்கள் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்துவிட்டது. அலமாரியில் பாய்மரக் கப்பல் இருந்தால் நல்ல கைவேலை என்கிறார்கள். அதன் பக்கத்தில் இரண்டாம் உலகப் போரின் சோவியத் கத்யூஷா ராக்கெட் வண்டி இருந்தால் முகம் சுளிக்கிறார்கள். கொலைக் கருவியை அழகுப் பொருளாக்கலாமா? பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இதை வைக்கலாமா? இத்தனை பேர் செத்துப்போன ஒரு விஷயம் உனக்குப் பொழுதுபோக்கா? இப்படிக் கேட்கிறவர்களில் அநேகம் பேர் நல்லவர்கள், போரை மனதார வெறுக்கிறவர்கள். நானும் வெறுக்கிறவன்தான். அப்படியிருந்தும் அவர்கள் சொல்வது தவறு என்று நினைக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு மாதிரி செய்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலும் எனக்கு உடன்பாடில்லை. “இது வெறும் பொழுதுபோக்கு, இதில் அரசியல் எதுவும் இல்லை” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். ராக்கெட் வண்டியில் அரசியல் இல்லையென்றால் வேறு எதில் இருக்கப்போகிறது? அந்தப் பதில் குற்றச்சாட்டைப் பாதி ஒப்புக்கொள்வதற்குச் சமம்.

போரைக் கொண்டாட வேண்டுமென்றால் அதை எட்ட நின்று பார்க்க வேண்டும். தீப்பிழம்பு, இரைச்சல், கொடி, பாட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். ஒரு வண்டியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, அடிச்சட்டம் தொடங்கிக் கடைசி மறை வரைக்கும் கையால் ஒட்டுகிறவருக்கு அப்படி எட்ட நிற்க வழியில்லை. எந்த லாரி, யார் செய்தது, ஏன் இந்த இடத்தில் இந்தத் தகடு, யார் இதைச் சுமந்தார்கள், எங்கே போய் விழுந்தது என்று ஒவ்வொரு பாகமும் கேட்கும். நேர்மையாகச் செய்யப்பட்ட மாதிரி போர்ப் பெருமிதத்துக்கு எதிரி. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெருமிதம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். குடியரசு நாள் அணிவகுப்பில் பினாகா ராக்கெட் வண்டி ஊர்ந்து வரும்போது நாம் கைதட்டுகிறோம். பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டுகிறோம். அதைப் போர்வெறி என்று யாரும் சொல்வதில்லை. நிஜ ஆயுதத்துக்குக் கைதட்டலும், பதினெட்டு சென்டிமீட்டர் பிளாஸ்டிக்குக்குக் கண்டனமும் என்றால் அளவுகோல் எங்கோ கோணலாகியிருக்கிறது.

கத்யூஷாவின் சொந்த மண்ணுக்கே போவோம். ரஷ்யாவிலும் பெலாரூஸிலும் உயர்ந்த பீடங்களில் கத்யூஷா நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. புதுமணத் தம்பதிகள் அங்கே மலர் வைக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப்போகிறார்கள். அந்தச் சின்னங்களில் பல, அந்தப் போரில் ஓடிய வண்டிகளே அல்ல. ஸிஸ்-151 லாரி உற்பத்திக்கு வந்தது 1948-இல். ஸில்-157 வந்தது 1958-இல். ராக்கெட் தண்டவாளங்கள் போருக்குப் பிறகும் சோவியத் ராணுவத்தில் சேவையில் இருந்தன. அவற்றைப் புதிய லாரிகளில் ஏற்றினார்கள். சேவை முடிந்ததும் அந்த வண்டிகளே பீடம் ஏறின. பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் ஒரு முறை கத்யூஷாவைக் கையால் ஒட்டியவருக்கு முன்முகப்பைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இது வெறும் லாரி மாடல் பற்றிய சில்லறைத் தகராறு என்று நினைக்க வேண்டாம். அந்த முன்முகப்பில்தான் வரலாற்றின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது.

கத்யூஷா என்று பெயர் பெற்ற பி.எம்.-13 ராக்கெட் வண்டியைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் முடிவு 1941 ஜூன் 21 அன்று எடுக்கப்பட்டது. மறுநாள் விடிவதற்குள் ஜெர்மனி படையெடுத்துவிட்டது. ஜூலை 14 அன்று கேப்டன் இவான் ஃபிளியோரவ் தலைமையிலான பேட்டரி என்ற பீரங்கிப் பிரிவு பெலாரூஸின் ஓர்ஷா ரயில் சந்திப்பின் மீது முதன்முதலாக ராக்கெட்டுகளை ஏவியது. ஏழு வண்டிகள், வண்டிக்குப் பதினாறு, மொத்தம் 112. அந்த ஏழும் மாஸ்கோவின் ஸிஸ் தொழிற்சாலையில் செய்த மூன்றச்சு ஸிஸ்-6 லாரிகள். கதை இங்கேயே முடிந்திருந்தால் பீடத்துக் கதையும் உண்மைக் கதையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அக்டோபரில் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியது. தொழிற்சாலையைப் பெயர்த்துக் கிழக்கே கொண்டுபோனார்கள். ஸிஸ்-6 உற்பத்தி நின்றது. அதன்பிறகு தண்டவாளங்களை எதில் ஏற்றுவது என்று தவித்த தவிப்பு அந்தக் கால வண்டிகளைப் பார்த்தாலே புரியும். எஸ்.டி.ஸெட்.-5 என்ற டிராக்டரில் ஏற்றினார்கள். சிறிய 82 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளை டி-60 என்ற இலகு டாங்கியின் முதுகில் ஏற்றினார்கள். நேச நாடுகளின் லெண்ட்-லீஸ் போர் உதவியில் கப்பலில் வந்த பிரிட்டிஷ் ஃபோர்ட்சன், அமெரிக்க ஜி.எம்.சி., செவ்ரோலே, இன்டர்நேஷனல் லாரிகளில் ஏற்றினார்கள். 1943-இல்தான் ஒரே சீரான வடிவம் வந்தது. பி.எம்.-13என் என்ற அந்த வடிவத்துக்கு அடித்தளம் ஸ்டூடிபேக்கர் யு.எஸ்.6, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் நகரத்து லாரி. 1852-இல் கொல்லுப்பட்டறையாகத் தொடங்கிக் குதிரை வண்டி செய்து வளர்ந்த நிறுவனம் அது. அந்த வகை லாரிகள் சுமார் இரண்டு லட்சம் தயாராயின. பாதிக்கும் மேல் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின.

சோவியத் வீரத்தின் சின்னமாக உலகம் அறிந்த வண்டியின் பாதி உடல் அமெரிக்கத் தொழிலாளி செய்தது. பனிப்போர் ஆண்டுகளில் அந்த முகப்பைப் பீடத்தில் ஏற்றிவைக்க யாருக்கும் மனம் வந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். எதிர்ப்பக்கத்தில், அமெரிக்காவின் லாரியும் டின் இறைச்சியும் இல்லையென்றால் ரஷ்யர்கள் தோற்றிருப்பார்கள் என்று மேற்கே சிலர் பேசுகிறார்கள். அதுவும் அதே அளவுக்குப் பெருமிதப் பேச்சுதான். ஓர்ஷாவில் ஏவிய வண்டிகளில் அமெரிக்க ஆணி ஒன்றுகூடக் கிடையாது. 1941-இல் ஸிஸ்-6, 1943-க்குப் பின் ஸ்டூடிபேக்கர் என்ற இரண்டு மாதிரிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர் இந்த இரண்டு பெருமிதங்களில் எதையும் நம்ப மாட்டார்.

லாரியைக் கவிழ்த்துப்போட்டு ஒட்டும் கட்டத்தில் இன்னொன்று தெரியவரும். ஸிஸ்-6-இன் முன் அச்சு வெறும் உத்திரம்தான், சக்கரத்தைத் திருப்ப மட்டும் பயன்படும். என்ஜினின் விசை பின்னிரண்டு அச்சுகளுக்கே போகும். ஸ்டூடிபேக்கரின் முன் அச்சில் பல்சக்கரப் பெட்டி உண்டு. அதற்கென்று தனியாக ஒரு உந்துதண்டு நடுவிலிருந்து முன்னே ஓடும். ஆறு சக்கரமும் இழுக்கும். ரஷ்யச் சமவெளியில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சாலைகள் சேற்றுக் குழம்பாகிவிடும். ராக்கெட் ஏவியதும் எழும் புகையும் புழுதியும் வண்டி நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த சில நிமிடங்களில் அங்கிருந்து கிளம்பாவிட்டால் எதிரியின் பீரங்கி தேடி வரும். அப்போது முன் அச்சு இழுக்கிறதா இல்லையா என்பது வண்டியில் இருப்பவர்களின் உயிர்ப் பிரச்சினை. மூன்று சென்டிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு பிளாஸ்டிக் தண்டை ஒட்டும்போது இது புரிகிறது. விரலில் பிடித்து, இது எதற்கு என்று கேட்டு, விடை தேடிப் போனவருக்குத்தான் புரியும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிறவர்களும் உண்டு.

ராக்கெட்டுகளுக்கு வருவோம். குறை சொல்கிறவர்கள் அதிகம் அஞ்சுவது இந்தப் பகுதியைத்தான். என் அனுபவத்தில் மாயை அதிகம் கலைவதும் இங்கேதான்.

பலர் திரும்பத் திரும்ப எழுதும் ஒரு கணக்கு இருக்கிறது. நான்கு வண்டிகள் கொண்ட ஒரு கத்யூஷா பேட்டரி பத்தே நொடியில் 4.35 டன் வெடிமருந்தைக் கொட்டிவிடும் என்பது அந்தக் கணக்கு. படிக்கும்போது உடல் சிலிர்க்கும், அதற்காகத்தான் எழுதுகிறார்கள். மாதிரி செய்கிறவரோ அந்த ராக்கெட்டுகளை ஒன்றொன்றாகக் கையால் செய்தாக வேண்டும். எட்டுத் தண்டவாளங்கள், ஒவ்வொன்றின் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக வண்டிக்குப் பதினாறு. நான்கு வண்டிக்கு அறுபத்து நான்கு. எம்-13 ராக்கெட் ஒன்றின் முழு எடை சுமார் 42.5 கிலோ. இரும்பு, உந்துமருந்து எல்லாம் சேர்த்து மொத்தமே 2.7 டன்தான் வருகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த வெடிமருந்து சுமார் 4.9 கிலோ. அறுபத்து நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 314 கிலோ. பதினான்கு மடங்கு ஊதிப் பெரிதாக்கிய கணக்கை இத்தனை பேர் எழுத, இத்தனை பேர் நம்பியிருக்கிறார்கள். மலைத்துப்போய் நிற்கிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ராக்கெட்டுக்கு நான்கு வால்சிறகு வீதம் ஒரே வண்டிக்கு அறுபத்து நான்கு சிறகுகளை இடுக்கியால் பிடித்து ஒட்டுகிறவர் எண்ணாமல் இருக்க முடியாது.

314 கிலோ என்பது குறைவு என்று நான் சொல்ல வரவில்லை. அது போய் விழுந்த விதத்தையும் இந்தச் சிறகுகளே சொல்கின்றன. பீரங்கிக் குண்டு சுழன்றுகொண்டு பறக்கும், அதனால் நேராகப் போகும். இந்த ராக்கெட் சுழலாது. சிறகு மட்டுமே அதை நேராக்கப் பார்க்கும், அதுவும் ஓரளவுக்குத்தான் முடியும். எட்டரைக் கிலோமீட்டர் தூரம் போய் எங்கெங்கோ சிதறி விழும். பக்கவாட்டில் வாயுவை வெளியேற்றி ராக்கெட்டைச் சற்றே சுழல வைக்கும் மேம்பட்ட வடிவம் 1944-இல்தான் வந்தது. குறி வைத்து அடிக்கும் ஆயுதம் அல்ல இது. ஒரு பரப்பைத் தேர்ந்தெடுத்து அந்தப் பரப்பு முழுவதையும் அடிப்பது. அந்தப் பரப்பில் பதுங்குகுழி இருக்கலாம், குடிசை இருக்கலாம், கிணற்றடியில் நிற்கும் பெண் இருக்கலாம். ஆயுதத்தைப் பற்றிய இந்த அடிப்படை உண்மையை அணிவகுப்பு சொல்லாது, பாட்டும் சொல்லாது. பொறியியல் சொல்கிறது. பொறியியலைக் கையால் படிக்கும் வேலைதான் மாதிரி செய்வது.

வண்டியில் வேலை செய்தவர்களும் மனிதர்களே. ஒரு முறை ஏவுவதற்கு 680 கிலோ எடையைக் கையாலும் தோளாலும் தூக்கித் தண்டவாளத்தின் பின்முனையில் கோத்துத் தள்ள வேண்டும். ஏவும்போது ராக்கெட்டுகள் ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேலேயே சீறிப் போகும். அதற்காகத்தான் முன்கண்ணாடியின் மேல் இரும்புக் கதவுகள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து பெட்டியின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ராக்கெட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஃபிளியோரவின் பேட்டரி அக்டோபரில் வியாஸ்மா பக்கத்தில் முற்றுகையில் சிக்கியது. ரகசியம் எதிரியின் கையில் போய்ச் சேரக் கூடாதென்று வண்டிகளைத் தாங்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஃபிளியோரவும் அங்கேயே இறந்தார். அவருக்கு ரஷ்ய அரசின் வீரர் பட்டம் கிடைத்தது 1995-இல்.

இனி இந்த எதிர்ப்பின் மிகக் கனமான வடிவத்துக்கு வருகிறேன். இதைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் என் வாதத்துக்கு மதிப்பில்லை.

கத்யூஷாவின் வாரிசு பி.எம்.-21 கிராத், 1963-இல் சோவியத் படையில் சேர்ந்த நாற்பது குழல் வண்டி. அதே ராக்கெட்டை ஏவும் செக்கோஸ்லோவாக்கிய வடிவம் ஆர்.எம்.-70. ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்த 2000-ஆம் ஆண்டில் இலங்கை ராணுவம் அதை வாங்கியது. இத்தகைய வண்டிகளைக் குறிக்கும் பல்குழல் என்ற சொல் ஈழத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். 2009-இல் வன்னியில் பொதுமக்களைப் போகச் சொன்ன பாதுகாப்பு வலயங்களின் மீதே பல்குழல் ராக்கெட்டுகள் விழுந்ததை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. அந்தச் சத்தத்தின் கீழே பதுங்குகுழியில் கிடந்த ஒருவருக்கு இந்த மாதிரியைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் ஒரு வார்த்தைகூட வாதாட மாட்டேன். அவர் வரும்போது அதை எடுத்து உள்ளே வைப்பதுதான் மரியாதை.

ஆனால் அந்த வேதனையைத் தங்கள் வாதத்துக்குக் கருவியாக எடுத்துக்கொள்கிறவர்களிடம் நான் வாதாடுவேன். வன்னியில் நடந்ததை விளங்கிக்கொள்ள விரும்புகிறவருக்கு, பரப்பை அடிக்கும் ஆயுதம் என்றால் என்ன, அதை மக்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் ஏவுவது ஏன் குற்றம் என்று தெரிய வேண்டும். தெரியாதவரிடம் “குறி தவறிவிட்டது” என்று அதிகாரிகள் சொன்னால் நம்பிவிடுவார். சிறகை ஒட்டியவர் நம்ப மாட்டார், இந்த வகை ஆயுதத்துக்குத் துல்லியம் என்பதே கிடையாது என்பது அவருக்குத் தெரியும். ஸ்டூடிபேக்கர் கத்யூஷாவை 1/35 அளவில் வெளியிட்ட ஐ.சி.எம். நிறுவனம் உக்ரைனின் கீவ் நகரத்தைச் சேர்ந்தது. 2014 முதல் அந்த நாட்டின் ஊர்கள் மீது கிராத் ராக்கெட்டுகள் விழுந்திருக்கின்றன. அங்கே மாதிரி செய்கிறவர்களைப் பார்த்து, போர் உனக்குப் பொழுதுபோக்கா என்று கேட்க யாருக்காவது வாய் வருமா?

கத்யூஷாவைச் செய்தவர்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்கோவில் 1933-இல் தொடங்கிய ராக்கெட் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் இவான் கிளைமியோனவ், தலைமைப் பொறியாளர் கியோர்கி லங்கேமாக். இந்த ராக்கெட்டுகளின் உருவாக்கத்தில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்டாலினின் பெரும் களையெடுப்பில் 1937 நவம்பரில் இருவரையும் கைதுசெய்தார்கள். 1938 ஜனவரியில் சுட்டுக் கொன்றார்கள். அதே நிலையத்தில் வேலை பார்த்த செர்கேய் கொரொல்யோவ் கொலிமா தங்கச் சுரங்கத்துக்குக் கைதியாகப் போனார். 1957-இல் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியவர் அவர்தான். கத்யூஷா தீ கக்கியதும் 1941 ஜூலையில் விருது போனது ஆந்த்ரே கஸ்திகோவ் என்ற வேறொருவருக்கு. நீண்ட காலம் அவரே இதன் தந்தை என்று எழுதப்பட்டார். கிளைமியோனவுக்கும் லங்கேமாக்குக்கும் சோஷலிச உழைப்பின் வீரர் பட்டம் கிடைத்தது 1991 ஜூனில். அவர்கள் இறந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன, பட்டம் தந்த நாடும் அந்த ஆண்டே கலைந்துபோனது.

எந்தப் போர்ப் பெருமிதத்துக்குள் இந்தக் கதை அடங்கும்? தன் பாதுகாப்புக்கான ஆயுதத்தை வடிவமைத்தவர்களையே கொன்ற அரசு, அதே ஆயுதத்தைப் பீடத்தில் ஏற்றிவைத்து வணங்கச் சொன்னது.

படங்கள் இருக்கின்றன, கணினியில் முப்பரிமாண வடிவங்கள் இருக்கின்றன, பிறகு எதற்குப் பசையும் பிளாஸ்டிக்கும் என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமான பதில் போதும். படம் ஒரு கோணத்தைக் காட்டும், மறுபக்கத்தை மறைக்கும். மாதிரி செய்கிறவர் மறைந்த பக்கத்தையும் செய்து தீர வேண்டும். தெரியாத இடம் எதுவென்று அப்போது அவருக்கே வெளிச்சமாகிவிடும்.

மாதிரி செய்கிறவர்கள் எல்லோரையும் நான் காப்பாற்ற வரவில்லை. கடைகளில் ஜெர்மன் டாங்கிகளுக்கு இருக்கும் மோகம் எனக்கும் அருவருப்பாகவே இருக்கிறது. டைகரும் பாந்தரும் மின்ன மின்ன அடுக்கிவைத்து, அவை எந்த அரசுக்காக ஓடின என்று ஒரு வரிகூடத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். பெட்டியின் மேல் உள்ள தீப்பிழம்பு ஓவியத்தோடு நின்றுவிடுகிறவர்கள் அதைவிட அதிகம். அலமாரி முழுக்கச் சுடுகிற வண்டிகள், சோறும் எண்ணெயும் அடிபட்டவர்களையும் சுமந்த லாரி ஒன்றுகூட இல்லை என்றால், அது போரைப் பற்றிய பொய்தான். குற்றச்சாட்டு இவர்கள் மீது சரியாகவே பொருந்தும். ஆனால் கவனமில்லாமல் செய்கிறவர்களைக் காட்டிச் செய்வதே பாவம் என்பது, மோசமான வரலாற்று நாவல்களைக் காட்டி வரலாற்று நாவலே கூடாது என்பதற்கு ஒப்பு.

எனவே இரண்டு தரப்புக்கும் என் வேண்டுகோள். மாதிரி செய்கிறவர்களே, பீடத்தட்டில் வண்டியின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த ஆண்டு, லாரி எந்த ஊர்த் தொழிற்சாலையுடையது, எங்கே ஏவப்பட்டது, வடிவமைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். பிள்ளைகள் கேட்டால் ராக்கெட் போன திசையை மட்டும் காட்டாமல், போய் விழுந்த இடத்தையும் சொல்லுங்கள். எதிர்ப்பவர்களே, அலமாரியைப் பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்த நான்கு வரிகளையும் அவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரைத் தாராளமாகக் கண்டியுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.